மாத்திட்டுத் தட்டு

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரைதான் ஒரு துளி தூக்கல். பரவாயில்லை, காலையிலிருந்து வயிறு காலி, இதுவே தெம்பாக இருக்கும். நாற்காலி மேல் காலை மடக்கி உட்கார்ந்திருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதை தெரியாதவன் இல்லை. பையன்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன். பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டிலும் இப்படித்தான். மனைவி முதலில் கால் வீக்கம் என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். மகளுடைய அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். இந்த அறைக்குக் கீழே கிடங்கு மாதிரி ஒன்றும் இல்லையே? இல்லையென்றால் நல்லது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகவே சொல்கிறேன்.

எங்களுடையது பெரிய தனியார் பள்ளி. ஆண்கள் மட்டும். நான் அங்கே துணை முதல்வர். பையன்கள் என்ன படிக்கிறார்கள் என்பது முதல்வரின் கவலை; பார்க்க எப்படி இருக்கிறார்கள் என்பது என் கவலை. தலைமுடி, நகம், காலர், ஷூ. எனக்கு 'இஸ்திரி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வராந்தாவில் நான் திரும்பினால் போதும், சத்தம் அப்படியே அடங்கிவிடும். அது பயம் என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் அதை அமைதி என்று சொல்வேன்.

இறுதி ஆண்டு முடிக்கிற பையன்களுக்கு நிறைவு விழா நடக்கும். கல்யாண வீடு தோற்றுப்போகும். எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கருநீல டை, இடது மார்பில் ஒரு சிவப்பு ரோஜா. ஒவ்வொருவராக மேடையேறி, சிறப்பு விருந்தினர் கையால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அகலமான படிகளில் இறங்கி வருவார்கள். பேண்டு வாசிக்கும். அது முடிந்ததும் முற்றத்து மரத்தடிக்கு ஓடிப்போய் டையைக் கழற்றி மேலே வீசுவார்கள். யாருடைய டை கிளையில் சிக்குகிறதோ அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். பழைய வருஷத்து டைகள் வெயிலில் வெளிறிப்போய் இன்னும் அங்கே தொங்குகின்றன. அந்தக் கூத்து எனக்குப் பிடிக்காது. ஆனால் பள்ளி தொடங்கிய நாளிலிருந்து நடக்கிறது, அதில் கை வைக்க முடியாது.

நான் கை வைக்க முடிந்தது உடையில்தான். வெள்ளை என்றால் ஒரே நிறம் என்று பலரும் நினைக்கிறார்கள். பால் வெள்ளை வேறு, எலும்பு வெள்ளை வேறு, நீலம் போட்ட வெள்ளை வேறு. வரிசையில் ஒருவன் மாற்று வெள்ளையில் நின்றால், நல்ல பல்வரிசையில் சொத்தைப் பல் மாதிரி தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே கடையில் துணி எடுக்க வைத்தேன்.

போன வருஷம் ஒரு ஆட்டுக்கு டை கட்டி, ரோஜா குத்தி, மேடையேற்றிவிட்டார்கள். அது சிறப்பு விருந்தினரின் பூங்கொத்தை நிதானமாக மென்றது. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. தாளாளரும் சிரித்தார். பள்ளியே அவருடையது. சிரிக்கும்போது வாய் மட்டும்தான் சிரிக்கும் அவருக்கு. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை அந்த மேடையைப் பாத்து யாராவது சிரிச்சாங்கன்னா, அதுக்கடுத்த விழாவை நீங்க வீட்டுல உக்காந்து பாத்துக்கலாம்."

நான் பயந்துபோனேன் மேடம். அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வருஷம் முழுக்க அந்தப் பயத்தோடு எழுந்தேன், அந்தப் பயத்தோடு படுத்தேன். என்னைக் கண்டு பயப்படுகிறவர்கள் பள்ளி நிறைய இருந்தார்கள். நான் பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷம் தாளாளருக்கு ஓர் ஆசை. பையன்கள் படியிறங்கும்போது காலடியில் மேகம் மாதிரி புகை பரவ வேண்டும் என்றார். அதற்கு டிரை ஐஸ் என்று ஒன்று இருக்கிறது. வெந்நீரில் போட்டால் வெண்புகையாகக் கிளம்பும். மேடை அலங்காரம் செய்கிறவர் அதைக் கொண்டுவந்தார். மேடைக்கு அடியில் ஒரு சின்ன அறை உண்டு. ஜன்னல் கிடையாது. எங்கள் உபரிக் கோட்டுகள் எப்போதும் அங்கேதான் தொங்கும். அங்கே பீப்பாய்களை வைத்து, படிக்குக் குழாய் இழுத்து, ஐஸ் பெட்டிகளையும் அடுக்கினார். விழாவன்று நான் மேற்பார்வைக்குப் போனபோது கதவை விரியத் திறந்துபோட்டு, வாசலில் ஒரு மின்விசிறியை ஓடவிட்டிருந்தார்.

"சார், இந்தக் கதவை மட்டும் யாரும் சாத்தாம பாத்துக்குங்க. ஃபேனும் ஓடிட்டே இருக்கணும்."

"ஏன், ஐஸ் கரைஞ்சிடுமா?"

"இது கரையாது சார். காத்தா மாறிடும். ரொம்ப கனமான காத்து, கீழேயே தேங்கும். சாத்தின ரூம்ல ஆள் இருந்தா மயக்கம் போட்டுடும். அதுக்கு மேலயும் ஆகும். போன மாசம் ஒரு ஹால்ல பூனை ஒண்ணு..."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பூனைக் கதை கேட்க நேரமில்லை. ஆனால் அவர் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது. தெளிவாகவே விழுந்தது. அவரை நீங்கள் இன்னும் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விட்டுவிடலாம். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

இப்போது அந்தப் பையன். அவனைக் குச்சி என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒரு ஒல்லி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எதற்கும் தாமதமாகத்தான் சிரிப்பான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவன் சிரிப்பான், அதைப் பார்த்து மறுபடியும் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா இல்லை. அம்மா ஒரு திரைச்சீலைக் கடையில் தைக்கிறவர். கடைக் கோட்டு எதுவும் தோளில் நிற்கவில்லை என்று, அதே துணியை வாங்கி, அம்மாவே தைத்துக் கொடுத்திருக்கிறார். நான் அனுமதி கொடுத்தேன். வெளியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத தையல்.

விழாவுக்கு முன்னால் வராந்தாவில் எல்லோரையும் உயர வரிசையில் நிற்கவைத்து, ரோஜா சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் ரோஜாவைச் சரிசெய்யக் கையை உயர்த்தினான். கோட்டு விலகியது. உள்ளே பச்சை.

திறந்து காட்டச் சொன்னேன். லைனிங் முழுக்கக் கிளிகள். ஏதோ ஜன்னல் திரையில் மிச்சமான துணி. பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"லைனிங் சார். அம்மா தைச்சது. வெளிய தெரியாது சார்."

பக்கத்தில் நின்றவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அங்கேதான் எனக்குப் புரிந்தது. மேடையில் திறந்து காட்டுவதாகத் திட்டம். கேட்டேன். ஒப்புக்கொண்டான். பொய் சொல்கிற பையன் இல்லை அவன்.

"சான்றிதழ் வாங்கினதும் ஒரே ஒரு செகண்ட் சார். அம்மா மூணாவது வரிசையில இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி."

அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எண்ணூறு பேர் அரங்கில். எண்ணூறு பேரும் சிரிப்பார்கள். தாளாளரின் வாய் சிரிப்பது எனக்கு அப்போதே தெரிந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துப் பக்கவாட்டுப் படியில் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த அறைக்குள் விட்டு, உபரிக் கோட்டுகளைக் காட்டினேன். மாற்றச் சொன்னேன். அவன் கழற்றவில்லை. பொத்தானைப் பிடித்தபடி நின்றான்.

"சார், அம்மா ரொம்ப ஆசையா இருக்காங்க சார். திறந்து காட்ட மாட்டேன். இதையே போட்டுக்கறேன் சார்."

மேலே பேண்டு தொடங்கிவிட்டது. எனக்கு நேரமில்லை. "மாத்திட்டுத் தட்டு. வந்து திறக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இல்லையென்றால் அதே கோட்டோடு ஓடிவந்துவிடுவான். மின்விசிறியையும் நிறுத்தினேன். அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, வரவேற்புரைக்கு இடைஞ்சல்.

இரண்டு பெட்டிகளின் மூடி திறந்திருந்ததைப் பார்த்தேனா என்று உங்கள் ஆள் கேட்டார். பார்த்தேன். தரையில் லேசாகப் புகை படர்ந்திருந்தது. அவன் கணுக்காலுக்குக் கீழே.

மேடையின் ஓரத்தில் என் நாற்காலி. பெயர்களை நான்தான் வாசிக்க வேண்டும். வரவேற்புரை முடிந்து சிறப்பு விருந்தினர் பேச எழுந்தபோது தட்டுகிற சத்தம் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, காலில் தெரிந்தது. மரத்தளம் அல்லவா. மூன்று தட்டு. பிறகு நிசப்தம். என் அறைக் கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது: மூன்று முறை தட்டிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், படபடவென்று அடிக்கக் கூடாது. அவன் காத்திருந்தான். பிறகு மறுபடி மூன்று.

மாற்றிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கிப் போய்த் திறந்திருக்கலாம். ஆனால் சிறப்பு விருந்தினர் பேசும்போது மேடையிலிருந்து ஒருவர் எழுந்து போவது நன்றாக இருக்காது. பேச்சு முடியட்டும் என்று இருந்தேன்.

பேச்சு நீண்டது. தட்டல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பிறகு மூன்று என்ற கணக்கு இல்லாமல் போயிற்று. இரண்டு கையாலும் அடிக்கிறான் என்று தெரிந்தது. ஷூவுக்குள் என் பாதம் வியர்த்தது. தாளாளர் என் பக்கம் சாய்ந்து, "கீழ என்ன சத்தம்?" என்றார்.

"ஃபேன் சார்" என்றேன்.

பேண்டு மாஸ்டரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். பேச்சு முடிந்த கைதட்டலோடு அவர் ஆரம்பித்துவிட்டார். பெரிய டிரம் அடிக்கிறவன் நல்ல பலசாலி.

பெயர் வாசிப்பு தொடங்குவதற்குள் மேடைக்காரர் ஓரத்திரைக்குப் பின்னால் வந்து நின்றார். "சார், புகை போடப் போகட்டுமா?" என்று கிசுகிசுத்தார். புகை போட வேண்டுமென்றால் அந்தக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் எல்லோர் முன்னாலும் ஒரு பையன் இருமிக்கொண்டு, அலங்கோலமாக, படியேறி வருவான். "வேண்டாம். விருந்தினருக்கு ஆஸ்துமாவாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு விளக்குப் பக்கம் போய்விட்டார். தாளாளர் காதிலும் அதையே சொல்லிவைத்தேன்.

புகையை நான் ஏன் நிறுத்தினேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெயர்களை வாசித்தேன். அவன் பெயர் வந்த இடத்தில் அடுத்த பெயருக்குப் போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கத் தயாராகப் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். மறுபடி எழுந்து வரிசையை எட்டிப் பார்த்தார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். பல்வரிசை மாதிரி ஒரே வெள்ளை. ஒருவரும் சிரிக்கவில்லை. தாளாளர் என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். ஒரு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த நொடியில் இறங்கியது.

அப்போதுதான் கவனித்தேன், காலுக்கடியில் ஒன்றும் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அரங்கம் முழுக்கக் கைதட்டல், எனக்கு மட்டும் அவ்வளவு நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு நான் பயந்த மாதிரி என் வாழ்நாளில் எதற்கும் பயந்ததில்லை.

பையன்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். கூட்டம் அவர்கள் பின்னால் போயிற்று. நான் பக்கவாட்டுப் படியில் இறங்கினேன். ஓடவில்லை, ஓடினால் யாராவது பின்னால் வருவார்கள். தாழ்ப்பாளை விலக்கினேன். மூக்கில் சுருக்கென்று புளித்த மாதிரி ஒரு காற்று, எனக்கே மூச்சு திணறியது. கதவோரமாகவே கிடந்தான். அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் படியடியில் போட்டேன். எடை என்று ஒன்றும் இல்லை.

கிளிக் கோட்டு ஒழுங்காக மடித்து ஒரு பெட்டிமேல் வைக்கப்பட்டிருந்தது. உபரிக் கோட்டைப் போட்டிருந்தான். ரோஜாவைக்கூட மறக்காமல் மாற்றிக் குத்தியிருந்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் விளையாட்டாக ஒளிந்துகொள்ளப் போயிருக்கிறான், கதவு இறுகிக்கொண்டது, நான் தேடிப்போய்க் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. மேடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். தாளாளர் என் தோளைத் தட்டி, "பாவம், உங்களுக்கும் அதிர்ச்சிதான்" என்றார்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா என் வீட்டுக்கு வந்தார். அவன் தங்கை, அந்தச் சின்னப் பெண்ணும் கூட. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை.

"நீங்கதான் அவனை வெளிய தூக்கிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? அவன் மேல இருந்தது நான் தைச்ச கோட்டு இல்ல. நான் தைச்சது எங்க?"

அது அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கே என் பையில் திணித்துக் கொண்டுவந்துவிட்டேன். எங்கே எறிவது என்று தெரியவில்லை.

"தெரியலம்மா. பள்ளிக்கூடத்துல தேடச் சொல்றேன்."

"ஒளிஞ்சுக்கப் போனவன் எதுக்கு சார் கோட்டை மாத்தணும்?"

அதை அவர் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல், எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கேட்டார். மறுநாள் மாலையும் வந்தார். "கிடைச்சுதா சார்?" அவ்வளவுதான். அதற்கு மறுநாளும். வாசலைத் தாண்டி வர மாட்டார், சத்தம் போட மாட்டார். கேட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். மனைவி என்னையும் பார்ப்பாள், அலமாரியையும் பார்ப்பாள். அவள் எப்போது திறந்து பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டாள் என்று மட்டும் தெரியும். அன்றிலிருந்துதான் மகளுடைய அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொள்கிறார்கள்.

நேற்று அழைப்பு மணி வேலை செய்யவில்லை. அந்த அம்மா கதவைத் தட்டினார். மூன்று தட்டு. பிறகு காத்திருந்தார். பையன் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பான் போல. மறுபடி மூன்று. நான் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன். இங்கே அவர் வந்து தட்ட முடியாது இல்லையா? விட மாட்டீர்கள்தானே? கோட்டு அந்தப் பையில் இருக்கிறது. நான் அதற்கு ஒரு சேதமும் செய்யவில்லை.

கொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை மேடம். விழா முடிய வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும். ஆனால் அதை நினைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வெளியே இழுத்துப் போட்டபோது அவனுக்கு மூச்சு இருந்தது. மருத்துவரின் அறிக்கையில் எழுதியிருப்பது சரிதான். மெலிதாக, தூங்குகிற குழந்தைக்கு இருக்கிற மாதிரி. முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்திருப்பார்கள், அவன் அம்மாவும் வந்திருப்பார். ஆனால் இருட்டிலோ அவசரத்திலோ அவன் கோட்டுப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தான். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பார்க்கவே சகிக்கவில்லை. அந்தக் கோலத்தில் எப்படிக் கூப்பிடுவது? எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து போட்டேன். முதல் பொத்தான் போடும்போது அவன் மார்பு ஏறி இறங்குவது என் விரலில் தெரிந்தது. இரண்டாவதுக்கும் தெரிந்தது. கடைசிப் பொத்தான் போடும்போது தெரியவில்லை. ரோஜாவையும் நேராக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன்.